குவாதலூப்பில் வாடகைக் கார்: பாரிஸிலிருந்து போகும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓர்லியிலிருந்தோ சார்ல்-து-கோலிலிருந்தோ எட்டு, எட்டரை மணிநேரப் பறப்பு. இறங்கினால் அதே யூரோ, அதே பிரெஞ்சு, அதே வீதிச் சட்டம். கரிபியன் கடலில் இருந்தாலும் குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டம்தான். இதனாலேயே ‘அங்கே கார் எடுப்பதில் என்ன பெரிய விஷயம்’ என்று பலர் யோசிக்காமல் போய்விடுகிறார்கள். சட்டம் ஒன்றுதான். மலை, மழை, இருட்டு மூன்றும் வேறு. பிள்ளைகுட்டிகளோடு போகும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கார் கட்டாயம் வேண்டுமா? பஸ்ஸில் சுற்ற முடியாதா?

தனியாள் என்றால், பொறுமையும் இருந்தால், வார நாட்களில் பஸ்ஸில் ஓரளவு சமாளிக்கலாம். மாலையானதும் பஸ் குறைந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை கிடைப்பதே அரிது. நீர்வீழ்ச்சிக்கும் எரிமலைக்கும் பஸ்ஸை நம்பிப் போக முடியாது. டாக்சி உண்டு, ஆனால் இரண்டு ஓட்டத்திலேயே ஒரு நாள் கார் வாடகை போய்விடும். ஆகவே குடும்பம் என்றால் கார் எடுங்கள். கடற்கரை ஹோட்டலில் படுத்திருப்பதுதான் திட்டம் என்றால் நடுவில் மூன்று நாட்களுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

எந்தக் கார் என்று பார்க்க முன் வேறு என்ன முடிவு செய்ய வேண்டும்?

எங்கே தங்குகிறீர்கள் என்பதை. காசும் நேரமும் அதிகம் வீணாவது இதில்தான்.

தீவு வண்ணத்துப்பூச்சி வடிவம். கிழக்குச் சிறகு கிரான்த்-தெர்: தட்டையான நிலம், கரும்புத் தோட்டம், வெள்ளை மணல், ஹோட்டல்கள். லு கோசியே, சாந்த்-ஆன், சான்-பிரான்சுவா எல்லாம் இந்தப் பக்கம். மேற்குச் சிறகு பாஸ்-தெர்: மலை, காடு, ஆறு, எரிமலை. இரண்டுக்கும் நடுவே ரிவியேர் சலே என்ற ஒடுங்கிய கடல்வாய். அதைக் கடக்க இரண்டே பாலங்கள். தீவின் வாகனமெல்லாம் அந்தப் பாலங்களையும், பக்கத்திலுள்ள ஜாரி தொழிற்பேட்டையையும் தொட்டுத்தான் போக வேண்டும்.

பெரும்பாலானோர் ஒரு வாரத்துக்கும் சாந்த்-ஆனிலோ சான்-பிரான்சுவாவிலோ வீடு எடுத்துவிட்டு, தினமும் மேற்குக்கரைக்குப் போய்வரப் பார்க்கிறார்கள். வரைபடத்தில் கிட்டத்தான் தெரியும். சான்-பிரான்சுவாவிலிருந்து மாலாந்தூர் கடற்கரைக்கு ஒரு வழிக்கே ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் எடுக்கும். நெரிசலில் மாட்டினால் இன்னும் கூடும். பின்னிருக்கையில் பிள்ளைகள் சத்தி எடுக்கத் தொடங்கினால் உல்லாசமெல்லாம் முடிந்தது.

என் யோசனை: தங்குவதை இரண்டாகப் பிரியுங்கள். பாதி நாட்கள் மேற்கே, தெஏ அல்லது புய்யான்த் பக்கம். மீதி நாட்கள் கிழக்கே. வீடு மாறும் அலுப்பு ஒரு காலைப்பொழுதுதான். அதற்குப் பதிலாக எத்தனையோ மணிநேர ஓட்டம் மிச்சம்.

விசா, சாரதி அனுமதிப்பத்திரம்?

பிரெஞ்சு கடவுச்சீட்டு அல்லது பிரான்சின் வதிவிட அனுமதி அட்டை இருந்தால் சிக்கல் இல்லை. ஊரிலிருந்து செங்கன் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். குவாதலூப் செங்கன் எல்லைக்குள் இல்லை. கடல்கடந்த மாவட்டங்களுக்கும் செல்லும் என்று எழுதப்பட்ட விசா வேண்டும். இதை விமானச்சீட்டு போட முன் பாருங்கள்.

பிரெஞ்சு, ஐரோப்பிய அனுமதிப்பத்திரங்கள் அப்படியே செல்லும். இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரத்தோடு சுற்றுலா வருபவர் சர்வதேச அனுமதிப்பத்திரத்தையோ அதிகாரபூர்வ பிரெஞ்சு மொழிபெயர்ப்பையோ கூட வைத்திருக்க வேண்டும். பிரான்சில் குடியிருந்துகொண்டே ஊர்ப் பத்திரத்தில் ஓட்டலாம் என்று நினைப்பது வேறு கதை. குடியேறி ஒரு வருடத்துக்குப் பின் அது அங்கேயும் செல்லாது.

பிணைக்காசு விஷயத்தில் ஏன் இவ்வளவு பேர் மாட்டிக்கொள்கிறார்கள்?

உங்கள் வங்கி அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். முகப்பில் சின்ன எழுத்தில் ‘டெபிட்’ அல்லது ‘கிரெடி’ என்று இருக்கும். மாதக் கடைசியில் கழிப்பது கிரெடி, உடனே கழிப்பது டெபிட். பல வாடகை நிறுவனங்கள் பிணைக்காசுக்கு கிரெடி அட்டையைத்தான் ஏற்கும், அதுவும் கார் ஓட்டுபவரின் சொந்தப் பெயரில். மனைவியின் அட்டை, தம்பியின் அட்டை, காசாகத் தருகிறேன் என்ற பேச்சு, எதுவும் எடுபடாது. டெபிட் அட்டையை ஏற்பவர்கள் சிலர், அவர்களிடமிருந்து கூடுதல் காப்புறுதியும் வாங்கினால்தான் சாவி தருவார்கள்.

இன்னொன்று: பிணைக்காசை நிறுத்திவைக்க அட்டையில் அந்த அளவுக்கு எல்லை இருக்க வேண்டும். விடுமுறைக்கு முந்தைய வாரம் விமானச்சீட்டு, உடுப்பு, சாமான் என்று அட்டையைத் தீர்த்துவிட்டுப் போனால் கவுண்டரில் ‘மறுக்கப்பட்டது’ என்று வரும். போக முன் வங்கிக்கு அழைத்து எல்லையைக் கூட்டிவிடுங்கள்.

வயது பொதுவாக 21க்கு மேல், பத்திரம் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். 25க்குக் கீழ் என்றால் நாளொன்றுக்கு மேலதிகக் கட்டணம் போடுவார்கள்.

கவுண்டரில் தள்ளிவிடும் முழுக் காப்புறுதியை வாங்கலாமா?

முதலில் அடிப்படை. வாடகைக்குள்ளேயே ஒரு காப்புறுதி இருக்கும். ஆனால் சேதம் வந்தால் முதல் சில நூறு யூரோவோ, ஆயிரத்துக்கு மேலேயோ நீங்கள்தான் கட்ட வேண்டும். இதைத்தான் பிரான்ஷீஸ் (franchise) என்கிறார்கள். கவுண்டரில் விற்பது இந்தத் தொகையைக் குறைக்கும் மேலதிகக் காப்புறுதி.

விசா பிரீமியே, கோல்ட் மாஸ்டர்கார்ட் போன்ற அட்டைகளில் வாடகைக் காருக்கான பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது. நிபந்தனைகள்: வாடகையை அந்த அட்டையால் கட்டியிருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், நிறுவனத்தின் மேலதிகக் காப்புறுதியை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சேதமானால் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கடதாசிகளோடு திருப்பிக் கேட்பது. அந்த அலைச்சலுக்கு ஆயத்தம் என்றால் கவுண்டரில் ‘வேண்டாம்’ சொல்லலாம். சாதாரண அட்டைதான் இருக்கிறதென்றால் வாங்கிவிடுவதே நிம்மதி.

எதை வாங்கினாலும் ஒப்பந்தத்தில் மூன்று சொல்லைத் தேடிப் பாருங்கள்: ரயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம். பல காப்புறுதிகளில் இவை சேராது. அந்தத் தீவில் அடிபடுவதோ பெரும்பாலும் இவைதான்.

எப்படிப்பட்ட கார் நல்லது?

சின்னக் கார். நால்சில்லு உந்தும் ஜீப் எல்லாம் தேவையில்லை, போக வேண்டிய இடமெல்லாம் தார்வீதிதான். மலைக்கிராமத்து ஒழுங்கைகளிலும் கடற்கரைத் தரிப்பிடங்களிலும் பெரிய கார் தொல்லை. ஐந்து பேரும் நான்கு பெட்டியும் என்றால் மட்டும் ஒரு படி பெரிதாகப் பாருங்கள். ஓட்டோமெற்றிக் கார் எண்ணிக்கையில் குறைவு, முந்தினவர்களுக்கே கிடைக்கும். ஏசி வேலை செய்கிறதா என்பதைக் கார் நகர முன் பாருங்கள்.

எவ்வளவு முந்திப் பதிய வேண்டும்?

டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரையும், ஜூலை ஆகஸ்டிலும் கார்கள் தீர்ந்துவிடும். நத்தாருக்குப் போவதென்றால் விமானச்சீட்டு போட்ட அன்றே காரையும் போடுங்கள். மே, ஜூன் மாதங்களில் விலையும் இறங்கும், கூட்டமும் இருக்காது.

காரை எடுக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

போனில் வீடியோ. படம் போதாது. சாவி வாங்கியதும் காரைச் சுற்றி ஒரு தரம் மெதுவாக நடந்து எடுங்கள். நான்கு சில்லின் விளிம்பு, பம்பரின் கீழ்ப்பக்கம், முன்கண்ணாடி, கூரை, பிறகு உள்ளே பெற்றோல் முள்ளும் கிலோமீற்றரும். தாளில் குறிக்காத கீறல் ஒன்று தெரிந்தாலும் ஊழியரைக் கூப்பிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். ‘அது பரவாயில்லை’ என்று வாயால் சொல்வதை நம்பிக் கிளம்ப வேண்டாம். மேலதிக ரயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில கார்களில் காற்றடிக்கும் கருவி மட்டும்தான் இருக்கும்.

பாரிஸ் விமானங்கள் பெரும்பாலும் பிற்பகலில் இறங்கும். பெட்டி எடுத்து, நிறுவனத்தின் வான் வண்டிக்குக் காத்திருந்து, வரிசையில் நின்று வெளியே வர, டிசம்பரில் இருட்டிவிடும். அங்கே டிசம்பரில் ஐந்தரை தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். ஜூனிலேயே ஆறே முக்காலைத் தாண்டாது. அந்தியென்று நீண்ட நேரம் இல்லை, சட்டென்று இருள். நித்திரை இல்லாமல், பாரிஸ் நேரப்படி நடுஇரவை நெருங்கிய கண்களோடு மலைவீதியில் ஓடுவது விசர்த்தனம். முதல் இரவை லு கோசியே போல விமான நிலையத்துக்குக் கிட்ட உள்ள இடத்தில் வையுங்கள்.

வீதிச் சட்டம் ஏதாவது மாறுமா?

மாறாது. வலப்பக்கம் ஓட்டம், ஊருக்குள் 50, இரத்தத்தில் மதுசாரம் லீற்றருக்கு 0.5 கிராமுக்குக் கீழ், புதுப் பத்திரக்காரருக்கு 0.2. தீவில் ரம் எங்கும் மலிவாகக் கிடைக்கும், வடிசாலைகளில் ருசிபார்க்கத் தருவார்கள். ஓட்டுபவர் யார் என்பதை உள்ளே போக முன் முடிவு செய்யுங்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பின்னால், வயதுக்கேற்ற இருக்கையில். வாடகை இருக்கைக்கு நாள்கணக்கில் பணம் கேட்பார்கள். அதனால் வீட்டில் உள்ளதை விமானத்தில் கொண்டுபோக முடியுமா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள். சுங்கச்சாவடி எங்குமே இல்லை.

சட்டம் ஒன்றென்றால் ஆபத்து எங்கே?

வீதியோரத்தில். தீவில் மழை கொட்டும் வேகத்துக்கு ஏற்ப வீதியின் இரு கரையிலும் கொங்கிறீற் வாய்க்கால் கட்டியிருக்கிறார்கள். முழங்கால் ஆழம், பல இடங்களில் மூடி இல்லை, வெள்ளைக் கோட்டுக்கும் வாய்க்காலுக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. எதிரே லொறி வருகிறதென்று ஓரம் கட்டினால் முன்சில்லு உள்ளே இறங்கிவிடும். பிறகு தூக்குவண்டிதான். ஒடுங்கின இடத்தில் ஓரம் கட்டாதீர்கள், நின்றுவிடுங்கள். எதிரே வருபவர் அந்த வீதிக்குப் பழகியவர், அவர் தாண்டிப் போவார்.

அடுத்தது வேகத்தடை. பூசின வண்ணம் அழிந்து, நிழலுக்குள் மறைந்து கிடக்கும். கிராமத்துப் பெயர்ப்பலகை கண்டதும் காலைப் பிறேக்குக்கு மாற்றுங்கள். பிறகு நாய்கள், கயிற்றில் கட்டி வீதியோரம் மேயவிட்ட மாடுகள், விளக்கில்லாத சைக்கிளும் ஸ்கூட்டரும். பகலில் இவை வேடிக்கை. இரவில் அப்படி இல்லை. ஊர்களுக்கு வெளியே வீதிவிளக்கு குறைவு, நடந்துபோகிறவர்களும் வீதியில்தான் நடப்பார்கள். ஏழு மணிக்கு மேல் மலைப்பக்கம் ஓட்டம் வைக்காமல் இருப்பதே நல்லது.

வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே பாஸ்-தெரில் மழை விழும். மேலே மலையில் பெய்தால் கீழே ஆறு சில நிமிடத்தில் ஏறும். வீதிக்குக் குறுக்கே தண்ணீர் ஓடினால் ஆழம் பார்க்கக் காரை இறக்காதீர்கள்.

நெரிசல் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

ஓம். வார நாட்களில் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை ஜாரி நோக்கி, மாலை நான்கிலிருந்து ஆறரை வரை அங்கிருந்து வெளியே. பாரிஸ் சுற்றுவீதியான பெரிபெரிக்கில் நிற்பது போலவே நிற்பீர்கள். பாலம் தாண்டும் பயணத்தை ஒன்பதரைக்குப் பின் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீதி வெறிச்சென்று இருக்கும், நீண்ட ஓட்டத்துக்கு ஏற்ற நாள். கடற்கரைப் பக்கம் மட்டும் அன்று முழுத்தீவும் வந்து நிற்கும். ஜனவரியிலிருந்து கார்னிவல் ஊர்வலங்களுக்கு ஞாயிறு பிற்பகல்களில் ஊர்ச்சந்திகளை மூடுவார்கள்.

பெற்றோல்?

மலிவான நிலையம் தேடி அலைய வேண்டாம். மாவட்ட அரச அதிபர் மாதாமாதம் உச்ச விலையை நிர்ணயிப்பார், எல்லா நிலையத்திலும் ஒரே விலைதான். கீழே இறங்கவும் தேவையில்லை, ஊழியர் வந்து அடித்துத் தருவார். ஊர்களில் மாலையிலும் ஞாயிறிலும் மூடியிருக்கும், மேற்குக்கரையில் நிலையங்களும் தூரதூரம். முள் பாதிக்கு வந்தால் நிரப்பிவிடுங்கள்.

காட்டு வீதியும் எரிமலை வீதியும் ஓடக்கூடியவையா?

தே23 என்ற வீதி பாஸ்-தெரைக் குறுக்காக வெட்டி, பெத்தி-பூர் பக்கமிருந்து மேற்குக்கரையின் மாஓ வரை தேசியப் பூங்காவின் மழைக்காட்டுக்குள்ளால் போகிறது. தீவிலேயே அழகான ஓட்டம் இதுதான் என்பேன். வீதி நல்லது, ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. நடுவில் காஸ்காத் ஓசெக்ரெவிஸ் நீர்வீழ்ச்சி, தரிப்பிடத்திலிருந்து சில நிமிட நடை, தாத்தா பாட்டியும் நடக்கலாம். பத்து மணிக்கு மேல் தரிப்பிடம் நிறைந்துவிடும்.

லா சூப்ரியேர் எரிமலை 1,467 மீற்றர். 1976இல் அது குமுறியபோது 70,000க்கும் மேற்பட்டோரை ஊர்விட்டுக் கிளப்பினார்கள். இன்றும் புகை விடுகிறது. சான்-குலோத் ஊரிலிருந்து ஏறும் வீதி செங்குத்து, ஒடுக்கம். பேன்-ஜோன் என்ற இடத்தோடு காரை விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். முன்பு இன்னும் மேலே போகலாம், 2004 நிலநடுக்கத்துக்குப் பின் அந்த வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. இறங்கும்போது இரண்டாம் கியரில் வாருங்கள். பிறேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் கீழே வரும்போது கருகின வாசம் வரும்.

கடற்கரையில் எங்கே நிறுத்துவது?

நிழலென்று கண்டபடி மரத்தடியில் விடாதீர்கள். அடிமரத்தில் சிவப்பு வட்டம் பூசியிருந்தால் அது மான்சினியே, நச்சுமரம். சின்ன அப்பிள் போலக் காய் இருக்கும், பிள்ளைகள் தொடவே கூடாது. மழைக்கு அதனடியில் நின்றால் வடியும் பால் தோலைப் பொசுக்கும், காரின் பூச்சையும் கெடுக்கும். தென்னைக்குக் கீழே விட்டால் என்னவாகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காருக்குள் ஒன்றும் தெரியக்கூடாது. பை, போன் கம்பி, சாரம்கூட. காட்டு நடைபாதை தொடங்கும் தரிப்பிடங்களில் கண்ணாடி உடைப்பது நடக்கிற விஷயம். டிக்கிக்குள் வைப்பதென்றால் அங்கே வந்து நின்று வைக்காதீர்கள், வீட்டிலிருந்து கிளம்பும்போதே வைத்துவிடுங்கள்.

அங்கே தமிழ்க் கோயில் இருக்கிறதாமே, காரில் போகலாமா?

தாராளமாக. என்1 வீதியில் காப்பெஸ்தெர்-பெல்-ஓவுக்குக் கிட்ட ஷான்ஜியில் இருக்கிறது. கோயிலின் சிற்பங்கள் வீதியிலிருந்தே தெரியும். கண்டவுடன் பிறேக் போடாதீர்கள், பின்னால் வாகனங்கள் வேகமாக வரும் வீதி அது. முன்கூட்டியே சமிக்ஞை போட்டு ஒதுங்குங்கள்.

1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்ற கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் இந்தியாவிலிருந்து வந்தார்கள். புதுச்சேரி, காரைக்காலில் கப்பலேறியவர்களில் தமிழர் நிறையப்பேர். அவர்கள் கொண்டுவந்த மாரியம்மன் இன்றும் அங்கே ‘மாலியெமென்’. பேச்சு கிரெயோலுக்கு மாறிவிட்டது, கடைப் பலகைகளிலும் தபால்பெட்டிகளிலும் ராமசாமி, முத்துசாமி பிரெஞ்சு எழுத்தில் நிற்கிறார்கள். காப்பெஸ்தெரில் பிறந்த ஆன்றி சிதம்பரம் இவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டி 1904இல் தொடங்கிய போராட்டம் 1923 வரை இழுபட்டது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு போகிற நாம் அங்கே ஒரு பத்து நிமிடம் நிற்கலாம்.

ஊர்க்கோயில்போல எப்போதும் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சப்பாத்தைக் கழற்றுங்கள், பூசை நடந்தால் கேட்டுவிட்டுப் படமெடுங்கள். அதே பயணத்தில் காப்பெஸ்தெரிலிருந்து கார்பே நீர்வீழ்ச்சிக்கு ஏறிவிடலாம். 110 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இரண்டாவது வீழ்ச்சியைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் போகிறார்கள். நுழைவுக் கட்டணம் உண்டு.

சின்னத் தீவுகளுக்குக் காரைக் கொண்டுபோகலாமா?

வேண்டாம், ஒப்பந்தமும் விடாது. லே சாந்துக்கு த்ருவா-ரிவியேரில் காரை விட்டுவிட்டுப் படகேறுங்கள். துறைக்குப் பக்கத்தில் காசுக்கு நிறுத்த வளவுகள் உண்டு. அங்கே போனால் ஸ்கூட்டர் அல்லது மின்சாரத்தில் ஓடும் சின்ன வண்டி. மரி-கலான்த் பெரிது, அங்கே இறங்கியதும் வேறு கார் எடுக்கலாம்.

புயல், மறியல் என்றால்?

புயற்காலம் ஜூனிலிருந்து நவம்பர் வரை, மோசமானது ஆகஸ்டும் செப்டெம்பரும். 2017 செப்டெம்பரில் மரியா, 2022 செப்டெம்பரில் பியோனா. பியோனா தீவைக் கடந்தபோது பெரும் புயலாகக்கூட இல்லை, மழைதான். அதிலேயே பாஸ்-தெரில் வீதிகளும் பாலங்களும் பெயர்ந்தன. வானிலை எச்சரிக்கை சிவப்பானால் காரை மேட்டில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் இருங்கள்.

மறியலும் அங்கே புதிதல்ல. 2009இல் விலைவாசிக்கு எதிராக 44 நாள் பொதுவேலைநிறுத்தம், பெற்றோல் நிலையங்களும் மூடின. 2021 நவம்பரில் வீதித்தடைகள். தடையைக் கண்டால் வாதாடவோ ஓரத்தால் நுழையவோ பார்க்காமல் திரும்பிவிடுங்கள். விமானநாள் என்றால் பல மணிநேரம் முந்திக் கிளம்புங்கள்.

விபத்தானால்?

காயம் என்றால் 15 அல்லது 112, பொலிஸ் 17, தீயணைப்பு 18. காயமில்லையென்றால் கார்ப்பெட்டகத்தில் இருக்கும் ‘கோன்ஸ்தா’ என்ற விபத்து அறிக்கைத் தாளை இருவரும் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். காரை எடுக்கும்போதே அது இருக்கிறதா என்று பாருங்கள். வாகனங்கள் நின்ற நிலையைப் படமெடுத்துவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். விளங்காத வசனத்துக்குக் கீழே கையெழுத்து வைக்காதீர்கள், மற்றவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும். நிறுவனத்துக்கு அன்றே அறிவியுங்கள்.

வேகக் கமராவில் அகப்பட்டால் தண்டம் பாரிஸ் முகவரிக்கே வரும். நிறுவனம் உங்கள் பெயரைக் கொடுத்ததற்குத் தனிக் கட்டணமும் எடுக்கும்.

திருப்பிக் கொடுக்கும்போது?

திரும்பும் விமானங்கள் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ. அதாவது நீங்கள் விமான நிலையம் போகும் நேரமும் ஜாரி நெரிசல் நேரமும் ஒன்றுதான். மதியமே பாலத்தின் கிழக்குப் பக்கம் வந்து, லு கோசியேயில் சாப்பிட்டு, பெற்றோலை நிரப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணலை உதறாமல் கொடுத்தால் துப்புரவுக் கட்டணம் போடுவார்கள், இருக்கையையும் தரையையும் தட்டிவிடுங்கள். ஊழியர் முன்னால் மறுபடி ஒரு சுற்று வீடியோ. திருப்பி ஏற்றதாகத் தாளில் கையெழுத்து வாங்காமல் விமான நிலைய வான் வண்டியில் ஏறாதீர்கள். நிறுத்திவைத்த பிணைக்காசு அட்டைக்குத் திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை அந்த வீடியோக்களை அழிக்க வேண்டாம்.